‘ஸ்பேஸ்’ என்ற ஒரு சொல்லுக்கு உயிரியலில் எத்தனை தமிழ்?

மடல் 1: சொல்லடைவு தொகுப்பவர்

குழுவினருக்கு வணக்கம்.

செவிலியர் பட்டயப் படிப்புக்காக உடற்கூற்றியலும் உடலியங்கியலும் சேர்ந்த சொல்லடைவு ஒன்று தயாராகிறது. ‘ஸ்பேஸ்’ என்று முடியும் சொற்களுக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. இப்போது கையில் இருப்பவை: ‘இன்டர்காஸ்டல் ஸ்பேஸ்’ விலா இடைவெளி; ‘ப்ளூரல் ஸ்பேஸ்’ நுரையீரல் உறை வெளி; ‘டெட் ஸ்பேஸ்’ இறந்த இடம்; ‘பொட்டென்ஷியல் ஸ்பேஸ்’ (நுரையீரல் உறைபோல, சுவர்கள் சேர்ந்திருந்து ஏதாவது நிரம்பினால் விரிவது) நிலை வெளி; ‘தேர்டு ஸ்பேஸ்’ (ரத்த நாளத்திலிருந்து கசிந்த நீர் பயன்படாமல் தேங்குவது) மூன்றாம் இடம்.

கடைசி மூன்றும் எனக்கே ஒப்பவில்லை. ‘இறந்த இடம்’ என்பது இறப்புச் சான்றிதழில் நிரப்பும் கட்டம். ‘மூன்றாம் இடம்’ என்றால் விளையாட்டு விழாவில் வெண்கலம். ‘நிலை வெளி’ என்பது இயற்பியலின் நிலை ஆற்றலைப் பார்த்துப் போட்டது. இலங்கை வழக்கில் அது அழுத்தசக்தி. அதைப் பின்பற்றி ‘அழுத்தவெளி’ என்றால் இன்னும் கேடு, ஏனென்றால் நுரையீரல் உறைக்குள் அமைதி நிலையில் இருப்பது வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைந்த அழுத்தம்.

எந்திர மொழிபெயர்ப்பைக் கேட்டால் விலாவுக்கு நடுவே விண்வெளியைக் கொண்டுவந்து வைக்கிறது. அதை விட்டுவிடுவோம். என் கேள்வி ஒன்றுதான்: எல்லாவற்றுக்கும் ‘வெளி’ என்று ஒரே சொல்லை வைத்து முன்னொட்டுகளால் சமாளிக்கலாமா, அல்லது ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வேண்டுமா? ஒரே சொல் போதும் என்றுதான் நினைக்கிறேன்.

மடல் 2: நெஞ்சக மருத்துவர்

அம்மா, வணக்கம்.

‘வெளி’யில் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழில் அதற்கு ‘திறந்த பரப்பு’ என்றும் பொருள், ‘புறம்’ என்றும் பொருள். ‘நுரையீரல் உறை வெளி நீர்’ என்று எழுதிப் பாருங்கள். உறைக்குள் சேர்ந்த நீரா, உறைக்கு வெளியே இருக்கும் நீரா? ‘செல்வெளித் திரவம்’ என்றால் இன்னும் சிக்கல்: செல்லுக்குப் புறத்தே உள்ளது முழுவதுமா, செல்களுக்கு இடையில் உள்ளது மட்டுமா? 70 கிலோ எடையுள்ள ஆணின் உடல்நீர் ஏறக்குறைய 42 லிட்டர். அதில் 28 லிட்டர் செல்லுக்குள் இருக்கிறது. செல்லுக்குப் புறத்தே 14 லிட்டர். அந்த 14-இல் செல்களுக்கு இடையில் இருப்பது 10.5, மிச்சம் 3.5 ரத்தத்தின் பிளாஸ்மா. சொல் நழுவினால் மூன்றரை லிட்டர் கணக்கில் தவறும்.

ஆகவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம். ‘வெளி’ பெயர்ச்சொல்லின் மேல் நேராக உட்காரக் கூடாது; நடுவில் இடை, அடி, சூழ், அக போன்ற இடங்காட்டும் சொல் ஒன்று வர வேண்டும். உறையிடை வெளி, செல்லிடை வெளி, நாளஞ்சூழ் வெளி. புறத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘புற’ மட்டும் போதும்: செல்புறத் திரவம்.

‘விலா இடைவெளி’யை ‘விலாவிடை வெளி’ என்று பிரித்து எழுதுங்கள். ‘இடைவெளி’ என்றதும் அங்கே ஒன்றும் இல்லை என்று மாணவர் நினைக்கிறார். உண்மையில் அது மூன்று அடுக்குத் தசையால் அடைபட்டிருக்கிறது. மேல் விலாவின் கீழ் விளிம்பில் உள்ள பள்ளத்தில் சிரை, தமனி, நரம்பு என்ற வரிசையில் மேலிருந்து கீழாக மூன்றும் ஓடுகின்றன. நீர் எடுக்கும் ஊசியைக் கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டிச் செலுத்தச் சொல்வது இதனால்தான்.

எண் போடுவதிலும் குழப்பம் உண்டு. ஒவ்வொரு வெளிக்கும் அதற்கு மேலே உள்ள விலாவின் எண்தான். முதல் விலா காறை எலும்புக்கு அடியில் மறைந்திருப்பதால் கைக்குத் தட்டுப்படாது. மார்பெலும்பின் மேல் பகுதியில் விரலை வைத்துக் கீழே இறக்கினால் ஒரு மேடு வரும். அதன் பக்கத்தில் சேர்வது இரண்டாம் விலா, அதன் கீழ் இரண்டாம் வெளி. அங்கிருந்து எண்ணி நான்காம் வெளிக்கு வந்து, மார்பெலும்பின் வலப்பக்கம் ஈசிஜியின் வி1 மின்முனை, இடப்பக்கம் வி2 மின்முனை. காறை எலும்பிலிருந்து கண்ணளவில் எண்ணுபவர்கள் இரண்டாம் அல்லது மூன்றாம் வெளியில் ஒட்டிவிடுகிறார்கள்; இல்லாத மாரடைப்பு தாளில் தெரிகிறது. சொல்லடைவில் இந்த உருப்படிக்கு ஒரு வரி விளக்கம் கட்டாயம் வேண்டும்.

‘டெட் ஸ்பேஸ்’ ஒரு சொல் அல்ல, மூன்று.

மூச்சியலில் அது காற்று வந்து போகும், ஆனால் வளிமாற்றம் நடக்காத பகுதி: மூக்கிலிருந்து மூச்சுச் சிறுகிளைகள் வரை பெரியவர்களில் சுமார் 150 மி.லி. அங்கே காற்று இருப்பதால் ‘வெற்றிடம்’ பொருந்தாது. ‘வளிமாறா வெளி’ என்று முன்மொழிகிறேன். கணக்குப் போட்டால் சொல்லின் பயன் விளங்கும். ஒரு மூச்சுக்கு 500 மி.லி. வீதம் நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் 6,000 மி.லி. மேலோட்டமாக 250 மி.லி. வீதம் 24 மூச்சு விட்டாலும் அதே 6,000. ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் 150-ஐக் கழித்தால் முதலாமவருக்கு 4,200 மி.லி. காற்றறைகளை எட்டுகிறது, இரண்டாமவருக்கு வெறும் 2,400. நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி அடைத்தால், காற்று போயும் ரத்தம் வராத காற்றறைகளும் இந்தக் கணக்கில் சேரும். ‘வளிமாறா’ அதையும் தாங்கும்.

அறுவையில் ‘டெட் ஸ்பேஸ்’ என்றால், தோலைத் தைத்து மூடிய பிறகு அடியில் விட்டுப்போன பள்ளம். ரத்தமும் நிணநீரும் தேங்கிச் சீழ் பிடிக்கும். அதற்கு ‘உட்பொள்ளல்’ போதும்.

மூன்றாவது ஊசிக்குழலில்: தண்டை முழுக்க அழுத்திய பிறகும் ஊசியின் அடிக்கழுத்தில் தங்கிவிடும் மருந்து. முதலில் வந்த ஃபைசர் கோவிட் தடுப்பூசிக் குப்பியில் கரைத்த பிறகு 2.25 மி.லி. இருந்தது. ஒரு வேளைக்கு 0.3 மி.லி. முதலில் ஐந்து வேளை என்றார்கள். குறைந்த தங்கல் உள்ள குழலைப் பயன்படுத்தினால் ஆறாவதும் கிடைத்தது. இதற்கு வெளியும் வேண்டாம் இடமும் வேண்டாம், ‘தங்கல்’ என்றே சொல்லலாம்.

‘பொட்டென்ஷியல் ஸ்பேஸ்’ என் தலைக்குள் இன்னும் ஓடுகிறது. வேறு யாராவது சொல்லட்டும்.

மடல் 3: தாவரவியலாளர், யாழ்ப்பாணம்

வணக்கம்.

இடங்காட்டும் சொல் வேண்டும் என்ற கட்டுப்பாட்டை வரவேற்கிறேன். நாங்கள் செல்லைக் கலம் என்றும் திசுவை இழையம் என்றும் எழுதுவதால் ‘கலத்திடை வெளி’ ஏற்கெனவே அந்த வடிவில்தான் இருக்கிறது.

ஆனால் தாவரத்தில் அதோடு முடியாது. வெளி எப்படி உண்டானது என்பதும் பெயரிலேயே தெரிய வேண்டும். கலங்களை ஒட்டிவைக்கும் நடுமென்றட்டு கரைந்து, கலங்கள் சாகாமல் ஒன்றைவிட்டொன்று விலகி உண்டாவது ஒரு வகை. பைன் மரத்தின் பிசின் கான்கள் அப்படிப்பட்டவை. கலங்களே அழிந்து, அவை இருந்த இடம் வெளியாவது மற்றது. நெல்வேரின் காற்றிழையம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முன்னதை ‘விலகுவழி வெளி’, பின்னதை ‘சிதைவழி வெளி’ என்று வைக்கலாம்.

நெல்வேரை வெட்டிப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். நுனியிலிருந்து சில சென்ரிமீற்றர் பின்னால் குறுக்குவெட்டு எடுத்தால் மேற்பட்டையில் பெரிய வெளிகளும், அவற்றுக்கு நடுவில் சைக்கிள் கம்பிகள்போல் எஞ்சிய கலச்சுவர்களும் இருக்கும். அந்தக் கம்பிகள்தான் அங்கே கலங்கள் அழிந்தன என்பதற்குச் சாட்சி. வேர் நுனிக்கு அருகில் வெட்டினால் வெளி இன்னும் உருவாகியிராது. மாணவர்கள் ‘காணவில்லை’ என்று எழுதுவார்கள். வழுக்கியில் (நுண்நோக்கிக் கண்ணாடித் தகட்டில்) இன்னொரு தவறும் நடக்கும். தண்ணீரில் வைத்த வெட்டில் வெளிகளுக்குள் காற்று அகப்பட்டுக் கறுத்த விளிம்போடு தெரிவதைக் கலம் என்று எண்ணிவிடுவார்கள். ஒரு துளி அற்ககோல் விட்டால் காற்று வெளியேறிவிடும்.

தாமரைத் தண்டில் நெடுக ஓடும் குழாய்களை வெளி என்று சொல்ல மனம் வரவில்லை. அதற்குப் ‘புழை’ இருக்கிறது. யானையின் துதிக்கையைப் பழந்தமிழில் புழைக்கை என்றார்கள். நீண்டு, உள்ளே துளையோடிய எதற்கும் அது பொருந்தும். குடலின், நாளத்தின் உட்குழலுக்கும் இதையே எடுத்துக்கொள்ளலாம்.

‘பொட்டென்ஷியல் ஸ்பேஸ்’ பற்றி: ‘ஒட்டிய வெளி’ எப்படி? ஒட்டிய வயிறு, ஒட்டிய கன்னம் என்கிறோம். உள்ளே ஒன்றும் இல்லாமல் சுவர்கள் சேர்ந்திருக்கின்றன, நிரம்பினால் உப்பும். கடையில் புதுப் பொலித்தீன் பையை விரலால் தேய்த்துத் திறக்கிறோமே, அதே நிலை.

மடல் 4: வேளாண் விரிவாக்கத் துறையிலிருந்து

ஐயா, அம்மா, வணக்கம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

பயிருக்குப் பயிர் விடும் ‘ஸ்பேசிங்’கைத் தயவுசெய்து வெளிக்குள் இழுக்காதீர்கள். நெல்லுக்கு நண்டோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட என்று ஊரே அளவு சொல்லி வைத்திருக்கிறது. அது ‘இடைவெளி’தான். திருந்திய நெல் சாகுபடியில் 25-க்கு 25 செ.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 16 குத்து. கயிற்றில் முடிச்சுப் போட்டு நட்டாலும், குறுக்கு வரிசை கோணினால் உருளைக் களையெடுப்பான் ஒரு பக்கம்தான் ஓடும்.

மண்ணுக்குள் இருக்கும் ‘போர் ஸ்பேஸ்’ வேறு. அதற்குப் ‘புரை’ என்ற சொல் போதும். பரும அடர்த்தி 1.3, துகள் அடர்த்தி 2.65 என்றால் மண்ணில் பாதிக்குச் சற்று மேல், 51 சதவீதம், புரைதான். டிராக்டர் மிதித்த இடத்தில் அடர்த்தி 1.7-க்கு ஏறினால் 36-க்கு இறங்கிவிடும். வேர் மூச்சு திணறும்.

மடல் 5: சொல்லடைவு தொகுப்பவர்

எல்லோருக்கும் நன்றி. ஒரே சொல் போதும் என்ற என் நினைப்பைக் கைவிட்டேன். வெளி, இடைவெளி, புழை, புரை, பொள்ளல், தங்கல் என்று ஆறு சொற்கள் ஆகிவிட்டன.

சொல்லடைவில் மரபணுவியல் பின்னிணைப்பு ஒன்று உண்டு. பாக்டீரியாவின் டிஎன்ஏவில் உள்ள கிரிஸ்பர் என்ற பகுதியில் ‘ஸ்பேசர்’ என்றால் மீள்தொடர்களுக்கு நடுவே நிற்கும் துண்டு. அது வெற்று இடைவெளி அல்ல. முன்பு தாக்கிய வைரஸிடமிருந்து எடுத்து வைத்த அடையாளம் அங்கேதான் இருக்கிறது. ‘இடைச்செருகல்’ நாவில் வந்தது. ஆனால் பழைய நூலில் பிற்காலத்தார் நுழைத்த பாட்டைக் குறிக்கும் அந்தச் சொல்லில் ஒரு வசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘இடையீட்டுத் துண்டு’ என்று எழுதியுள்ளேன். ஆஸ்துமா மருந்து உறிஞ்சியில் மாட்டும் ‘ஸ்பேசர்’ மருந்துத் தூவலைத் தேக்கிவைக்கும் குடுவை. அது ‘தேக்குக் குடுவை’.

கருத்தளவில் வரும் வெளிகளில் சிக்கல் இல்லை. சூழலியலாளர் ஹட்சின்சன் 1957-இல் சொன்ன பல பரிமாண வாழ்சூழல் வெளி, தொல்லுயிரியலாளர் ராப் 1966-இல் சிப்பிச் சுருள்களுக்கு வரைந்த உருவ வெளி, பரிணாம உயிரியலாளர் மேனார்டு ஸ்மித் 1970-இல் புரதங்களுக்குச் சொன்ன தொடர் வெளி (‘சீக்வன்ஸ் ஸ்பேஸ்’) எல்லாம் கணிதத்தின் திசையன் வெளியோடு உறவுடையவை. இங்கே பெயர்ச்சொல்லின் மேல் ‘வெளி’ நேராக உட்காரலாம், ஏனென்றால் உருவத்துக்குப் புறம் என்று ஒன்று இல்லை. ‘ஸ்பேஸ் பயாலஜி’ விண்வெளி உயிரியல். ‘ஸ்பேஷியல்’ என்று வந்தால் இடஞ்சார். இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

‘தேர்டு ஸ்பேஸ்’ நிற்கிறது. ‘ஒட்டிய வெளி’ எனக்குப் பிடித்திருக்கிறது. மருத்துவர் ஐயா என்ன சொல்கிறார்?

மடல் 6: நெஞ்சக மருத்துவர்

‘ஒட்டிய வெளி’ அழகான சொல். ஆனால் நெஞ்சகத்தில் அது நேரெதிர்ப் பொருள் தரும். காசநோய்க்குப் பிறகு இரண்டு உறைகளும் தழும்பால் பிணைந்துபோவதை ‘ஒட்டிப்போச்சு’ என்றுதான் நோயாளியிடம் சொல்கிறோம். நீர் திரும்பத் திரும்பச் சேர்ந்தால் டால்க் தூளைச் செலுத்தி வேண்டுமென்றே ஒட்டவைப்பதும் உண்டு. ஒட்டிய பிறகு அங்கே வெளியே கிடையாது.

நாம் குறிக்க வேண்டியது சேர்ந்திருக்கும் சுவர்களை அல்ல, அவை விரிய முடியும் என்பதை. இயல்பில் ஒரு பக்கத்துக்கு 10 மி.லி. அளவு நீர்தான் இருக்கும். நிற்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் விலா–உதரவிதான மூலை மழுங்கித் தெரியவே சுமார் 200 மி.லி. சேர வேண்டும், ஒரு லிட்டருக்கு மேலும் போகும். எனவே ‘விரிதகு வெளி’. கொஞ்சம் விறைப்பான சொல்தான், ஆனால் தவறாகப் படிக்க வழியில்லை.

இந்தச் சொல் மூளையுறைக்கும் பயன்படும். முதுகுத்தண்டில் வன்சவ்வுக்கு (மூளையையும் தண்டுவடத்தையும் மூடும் தடித்த வெளியுறைக்கு) மேலே கொழுப்பும் சிரைகளும் உள்ள உண்மையான வெளி இருக்கிறது. வலி மறக்கச் செய்யும் மருந்தை அங்கேதான் செலுத்துகிறார்கள். மண்டையோட்டுக்குள் அதே வன்சவ்வு எலும்போடு சேர்ந்தே கிடக்கிறது. அடிபட்டுத் தமனி கிழிந்து ரத்தம் பீய்ச்சி அதை எலும்பிலிருந்து உரித்தால்தான் வெளி உண்டாகும். சிடி ஸ்கேனில் குவிவில்லை வடிவில் தெரிவது அதனால். ஆகச் சொல்லடைவில் இரண்டு பதிவு போடுங்கள்: ‘வன்சவ்வு மேல்வெளி, முதுகுத்தண்டு’, ‘வன்சவ்வு மேல் விரிதகு வெளி, மண்டை’.

‘தேர்டு ஸ்பேஸ்’: டெங்குவில் பிளாஸ்மா கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்கும்போது உடல் எடை குறையாது, ஆனால் நாளத்தில் நீர் இல்லை. ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 20 சதவீதம் ஏறும், நாடியழுத்தம் (மேல், கீழ் ரத்த அழுத்தங்களின் வித்தியாசம்) குறுகும். நீர் உடலை விட்டுப் போகவில்லை, வட்டிக்கு விட்ட பணம்போல் முடங்கிக் கிடக்கிறது. ‘முடங்குநீர்’ என்று வைக்கலாம்; வெளி தேவையே இல்லை. தேறும் கட்டத்தில் அந்த நீர் தானே நாளத்துக்குத் திரும்பும். அது தெரியாமல் சலைனைப் பழைய வேகத்திலேயே ஓடவிட்டால் நுரையீரலில் நீர் கோக்கும். பதிவில் அந்த வரியையும் சேர்த்துவிடுங்கள் அம்மா.