‘டிரிப் லைன்’: சொட்டுக்கோடா, இறவாரக்கோடா?

> எலுமிச்சைக்கு உரமிடுவது பற்றிய பக்கத்தில் ‘டிரிப் லைன்’ (drip line) என்ற ஆங்கிலச் சொல் வருகிறது. மரக்கிளைகளின் வெளிவிளிம்புக்கு நேர்கீழே உள்ள தரைக்கோடு அது. ‘சொட்டுக்கோடு’ என்று எழுதலாமா? ‘நிழல்வட்டம்’ பொருந்துமா?

வணக்கம் ஐயா.

‘சொட்டுக்கோடு’ வேண்டவே வேண்டாம். சொட்டுநீர்ப் பாசனம் பரவியபின் அந்தச் சொல்லைப் படிப்பவர் கறுப்புக் குழாயைத்தான் நினைப்பார். குழாய் அடிமரத்தை ஒட்டிக் கிடந்தால் உரமும் அங்கேயே விழும். அங்கிருப்பவை முற்றிய வேர்கள். மரத்தைத் தாங்கும், சத்தை உறிஞ்சா. தண்டில் யூரியா பட்டால் பட்டை வெந்துபோகும். ஈரமும் தேங்கினால் பைட்டோப்தோரா என்னும் அழுகல் நோய்க்கிருமி தொற்றிப் பிசின் வடியத் தொடங்கும்.

‘நிழல்வட்டம்’ காதுக்கு இனிமை, ஆனால் நிழல் நகரும். அக்டோபர்த் தவணை உரம் வைக்கையில் நண்பகலிலும் நிழல் வடக்கே சாய்ந்திருக்கும்.

ஓட்டு வீட்டு இறவாரத்திலிருந்து மழைநீர் சொட்டி, மண்ணில் குழிகுழியாக ஒரு கோடு விழுமே! மரத்தடியிலும் அதுவே நடக்கிறது: இலைகளில் வழிந்த நீர் விளிம்பில் விழுகிறது. ‘எறவாணம்’ என்று பேச்சிலும் இருக்கும் சொல். ஆகவே ‘இறவாரக்கோடு’ என்பதை முன்மொழிகிறேன்.

---

‘இறவாரக்கோடு’ அருமை, ஐயா. ஒரே ஒரு திருத்தம். ‘கோட்டில் உரமிடுக’ என்று எழுதினால் கயிறு திரித்ததுபோல ஒரே வரியில் கொட்டிவிடுவார்கள். உர உப்பு ஓரிடத்தில் குவிந்து, சத்தை உறிஞ்சும் சல்லிவேர் கருகும், இலை நுனி காயும். சல்லிவேர்கள் கோட்டுக்கு உள்ளும் புறமும் பரவியிருப்பதால், உரமிடும் பரப்புக்கு இன்னொரு சொல் தேவை. ‘இறவாரப் பட்டை’ மரப்பட்டையோடு குழம்பும். ‘இறவார வளையம்’ எனலாம். வளர்ந்த மரத்துக்குக் கோட்டின் உள்ளே ஒரு சாண், வெளியே ஒரு முழம். சிறு கன்றுக்கு முழுக்க வெளிப்புறமே.

அளவையும் கடையில் வாங்கும் உரமாகவே கொடுங்கள். ‘தழைச்சத்து 200 கிராம், மணிச்சத்து, சாம்பல்சத்து தலா 100’ என்று மட்டும் போட்டால் 200 கிராம் யூரியாவோடு நிறுத்திவிடுவார்கள். முதலாண்டுக் கன்றுக்கு அது யூரியா ஏறத்தாழ 430 கிராம், சூப்பர் பாஸ்பேட் 625, பொட்டாஷ் 170. யூரியாவை மார்ச், அக்டோபர் என இரண்டாகப் பிரிக்க வேண்டும். மற்றவையும் 10 கிலோ தொழுஉரமும் அக்டோபரில். முந்தின நாள் தண்ணீர் விட்டு, விரலாழம் மட்டும் கொத்திக் கலந்து, மறுபடி தண்ணீர். ஆழக் கொத்தினால் உரம் யாருக்காக வைக்கிறோமோ அந்த வேரே அறுபடும்.

தொட்டிச் செடிக்கு இச்சொல் செல்லாது. அங்கே வேர் தொட்டிச் சுவரோடு முடிகிறது.

கலைச்சொல் பதிவு இப்படி இருக்கட்டும்:

இறவாரக்கோடு: மரக்கிளைகளின் வெளிவிளிம்புக்கு நேர்கீழே, மழைநீர் சொட்டும் தரைக்கோடு.

இறவார வளையம்: அக்கோட்டை ஒட்டி உரமிடும் பரப்பு.