புலம்பெயர்வு வேண்டாம், குடிப்பரவல் சரியா?

வணக்கம். கிழக்கு ஆப்பிரிக்க வரலாற்றைத் தமிழில் எழுத ஐயா முன்வைத்த கலைச்சொற்களைப் பற்றிச் சில கருத்துகள்.

ஆப்பிரிக்காவின் பெரிய மொழிக்கூட்டமான பாண்டு மொழியினரின் 'மைக்ரேஷ'னுக்கு அவர் சொன்ன 'புலம்பெயர்வு' எனக்கு ஒட்டவில்லை. புலம்பெயர்ந்தவர் என்றதும் போருக்குத் தப்பி டொரொன்டோவுக்கும் பாரிசுக்கும் போனவர்கள்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். 'குடிபெயர்வு' பரவாயில்லை. ஆனால் அதிலும் பழைய ஊர் காலியாகிவிடுகிறது.

இங்கே நடந்தது வேறு. இன்றைய நைஜீரியா, கேமரூன் எல்லைப் பக்கம் கிழங்கு பயிரிட்டு வாழ்ந்தவர்கள் சுமார் 4000, 5000 ஆண்டுகளுக்கு முன் மெல்ல நகரத் தொடங்கினார்கள். அப்பன் ஊரில் அண்ணன் இருக்க, தம்பி அடுத்த ஆற்றங்கரையில் காடு திருத்தியிருப்பான். அவன் பேரன் அதற்கும் அடுத்த கரையில். வழியில் இரும்பும் சோளமும் சேர்ந்துகொண்டன. கிழக்குக் கடலைத் தொடும்போது கி.பி. முதல் நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. தாம் எங்கோ பெயர்ந்து போகிறோம் என்று இடையில் எந்தத் தலைமுறைக்கும் தோன்றியிருக்காது. அதனால்தான் 'குடிப்பரவல்' என்கிறேன். வெறும் 'பரவல்' என்றால் கொரோனா ஞாபகம் வந்துவிடும்.

(பாண்டு என்று எழுதினால் மகாபாரதத்து ராஜா வந்து நிற்கிறார், பந்து என்றால் கிரிக்கெட். ராஜாவே இருக்கட்டும்.)

அப்புறம், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோர மக்களும் அவர்கள் பேசும் பாண்டு மொழியுமான சுவாகிலிக்கு 'அரபுக் கலப்புப் பண்பாடு' என்று ஐயா தந்த விளக்கம். கலப்பே இல்லை என்று சொல்லவில்லை. 2023இல் வந்த பழங்கால மரபணு ஆய்வில், அந்தக் கரையில் வாழ்ந்தவர்களுக்குத் தாய்வழி பெரும்பாலும் ஆப்பிரிக்கா, தந்தைவழியில் பாரசீகம் என்று தெரிகிறது. ஆனால் மொழியைப் பாருங்கள். அரபியில் புத்தகம் 'கிதாப்', பன்மை 'குதுப்'. சுவாகிலி அதைக் 'கிதாபு' என்று வாங்கி, முதலில் இருக்கும் 'கி'யைத் தன் ஒருமை முன்னொட்டாகவே பாவித்து, பன்மைக்குத் தன் 'வி'யைப் போட்டு 'விதாபு' ஆக்கிவிட்டது! சரக்கு அரபி, கட்டுமானம் பாண்டு. இதற்குக் 'கலப்பு' என்று பெயர் வைத்தால் வீட்டுக்காரரை விட்டுவிட்டு விருந்தாளியைக் கணக்கெடுப்பதாகும்.

சுவாகிலி என்ற பெயர் 'கரைகள்' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது உண்மைதான். அதற்காகக் 'கரையார்' என்று மொழிபெயர்க்க முடியாது. இலங்கையில் அது ஒரு சாதியின் பெயர்.

அந்தக் கரையின் பழைய துறைமுகங்களான கில்வா, லாமு போன்ற ஊர்களுக்குப் 'பவளக் கல் நகரம்' என்பதைவிட 'முருகைக்கல் பட்டினம்' பொருந்தும். கில்வாவின் பெரிய பள்ளிவாசலே அந்தக் கல்தான். யாழ்ப்பாணத்தில் இன்றும் முருகைக்கல் என்றால் எல்லோருக்கும் புரியும். தெற்கே, இன்றைய மொசாம்பிக்கின் சொஃபாலாவிலிருந்து வந்த தங்கம் கைமாறிய துறைமுகத்துக்குப் 'பட்டினம்' என்பதைவிட வேறென்ன சொல் வேண்டும்?

கடைசியாகக் காற்றுகளின் சுவாகிலிப் பெயர்கள். அரேபியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பல்களைக் கொண்டுவந்த 'கஸ்காசி' வடகிழக்குக் காற்று; திருப்பி அனுப்பிய 'குசி' தென்மேற்குக் காற்று. நம் கடற்கரையில் முதலாவதற்கு வாடை, இரண்டாவதற்குச் சோழகம் இருக்கின்றன. தயவுசெய்து குசியைத் தென்றல் ஆக்கிவிடாதீர்கள். அது பாயை நிரப்பிக் கப்பலைக் கடல் கடத்துகிற காற்று.