இரும்பு வால்வு, அசிட்ரோம்: பல்லுப் புடுங்க மாத்திரையை நிறுத்தலாங்களா?

அந்தியூரான்:
அம்மாவுக்கு 63 வயசுங்க. இதயத்துல மைட்ரல் வால்வை மாத்தி உலோக வால்வு வெச்சிருக்குது. ராத்திரி, ரத்தம் கட்டாம இருக்க அசிட்ரோம் 2 மி.கி., சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு. கீழ் கடைவாய்ப்பல் ஒண்ணு ஆடுது, ஈறுல சீழ் கோத்திருக்குது. காய்ச்சல் இல்ல. ஒரு பல் டாக்டர் "அசிட்ரோமை 3 நாள் நிறுத்தீட்டு வாங்க"ன்னார். கோயமுத்தூர்ல இதய டாக்டர்கிட்ட 3 வாரம் கழிச்சுத்தான் தேதி. கடைசி ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகுதுன்னு காட்டற எண்) 2.9, அதுவும் 20 நாளுக்கு முன்னாடி எடுத்தது. நிறுத்தலாங்களா? அன்னைக்கு வீட்டுல என்னென்ன வெச்சிருக்கோணும்? எங்கூர்ல 8 மணிக்கு மேல மருந்துக்கடை இருக்காது.

பல்லாங்குழி:
நிறுத்த வேண்டாமுங்க. பல் எடுத்த குழியில வர்ற ரத்தத்தை விரலால அமுக்கி நிறுத்தலாம். உலோக வால்வுல, அதுவும் மைட்ரல்ல, ரத்தம் கட்டிக்கிச்சுன்னா அதை எட்டிப் பிடிக்க யாருக்கும் கை நீளாது. கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். ஒரு பல்லுக்காக அந்த ஆபத்தை விலைக்கு வாங்கக் கூடாது.

மைட்ரல் உலோக வால்வுக்குப் பொதுவா ஐ.என்.ஆர். 2.5-லிருந்து 3.5 வரைக்கும் வெச்சிருப்பாங்க. 4-க்குக் கீழ இருந்தா மாத்திரையை நிறுத்தாம ஒண்ணு ரெண்டு பல்லை எடுக்கலாம். ஆனா 20 நாள் பழைய ரிப்போர்ட் உதவாது. பல் எடுக்கறதுக்கு முந்தின 24 மணி நேரத்துக்குள்ள எடுத்ததா இருக்கோணும். உங்க லேப்ல சாம்பிளை அங்கேயே பாக்கறாங்களா, வெளியூர் அனுப்பறாங்களான்னு முதல்லயே கேட்டுக்கோங்க. பாதிப்பேருக்குத் தேதி தப்பறது இந்த இடத்துலதான்.

அதுக்காக 3 வாரம் காத்திருக்கறதும் தப்பு. சீழ் கோத்த பல்லே வால்வுக்குக் கிருமி அனுப்பற ஊத்து. இதய டாக்டரோட ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, "மாத்திரையை நிறுத்தாம, ஐ.என்.ஆர். பாத்துட்டுப் பல் எடுக்கலாம்"னு ஒரு வரி எழுதி வாங்குங்க. காய்ச்சல் வந்தாலோ, தாடை வீங்கி வாய் திறக்க முடியலைன்னாலோ தேதியெல்லாம் பாக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போயிருங்க.

திங்கள் இல்லைன்னா செவ்வாய் காலையில வெச்சுக்குங்க. ராத்திரி ரத்தம் வந்தாலும் மறுநாள் டாக்டர் இருப்பார். நோம்பி சமயம் வேண்டவே வேண்டாம்.

பல் எடுக்கறவர் குழிக்குள்ள ஜெலட்டின் ஸ்பாஞ்சு வெச்சு, ஈறை இழுத்துத் தையல் போட்டு அனுப்போணும். "தையல் தேவையில்ல"ன்னு சொன்னா வேற டாக்டரைப் பாருங்க. மரப்பு ஊசியில அட்ரினலின் மொத்தம் 0.04 மி.கி. தாண்டக் கூடாது. தாடை உள்பக்கம் ஆழமாப் போடற ஊசியை விட, பல்லைச் சுத்திப் போடறது இவங்களுக்கு நல்லது. ஆழத்துல ரத்தம் கசிஞ்சா வெளிய தெரியாது.

கிருமி வால்வைப் பிடிக்காம இருக்க, பல் எடுக்கறதுக்கு 30-லிருந்து 60 நிமிஷம் முன்னாடி அமாக்ஸிசிலின் ஆன்டிபயாடிக் 2 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை 4, ஒரே தடவையா. மறந்துட்டா பல் எடுத்த 2 மணி நேரத்துக்குள்ளயாவது குடுத்தரோணும். பல்லுச் சுத்தம் பண்ண உக்காந்தாலும் இவங்களுக்கு இது உண்டு. எக்ஸ்ரேக்குத் தேவையில்ல.

அந்தியூரான்:
ரொம்ப நன்றிங்க. ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். முன்னாடி ருமாட்டிக் காய்ச்சலுக்குப் பென்சிலின் ஊசி போட்டப்ப உடம்பெல்லாம் தடிச்சு அரிச்சு, நிறுத்தீட்டாங்க.

மருந்துச்சீட்டு:
அது முதல் வரியிலயே சொல்ல வேண்டிய விஷயமுங்க! அமாக்ஸிசிலினும் பென்சிலின் வகைதான், அப்ப அதைத் தொடக் கூடாது. தடிப்பு வந்தவங்களுக்கு செஃபலெக்சினும் வேண்டாம். அசித்ரோமைசின் 500 மி.கி. ஒரே தடவை, இல்லைன்னா டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. எதுன்னு டாக்டர் முடிவு பண்ணட்டும். பழைய சீட்டுகள்ல கிளிண்டாமைசின் இருக்கும். அமெரிக்க இதயச் சங்கம் 2021-ல இந்த வேலைக்கு அதைக் கைவிட்டாச்சு.

பல் எடுத்த பின்னாடி குடுக்கற சீட்டுலதான் நிஜமான வம்பு. பல் சீழுக்கு எழுதற மெட்ரோனிடசோல் அசிட்ரோமோட வேகத்தை ரொம்பத் தூக்கி விட்ரும், நாலஞ்சு நாள்ல ஐ.என்.ஆர். எங்கயோ போயிரும். ஆஃப்ளாக்சசின்-ஆர்னிடசோல் கலந்த மாத்திரையும் அப்படித்தான். வலி மாத்திரையில டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எதுவும் ஆகாது. அதுக வயித்துல புண்ணு பண்ணி ரத்தம் கசிய விடும். வலிக்குப் பாராசிட்டமால் 500 அல்லது 650, ரெண்டு மூணு நாள் மட்டும். நாள் கணக்கா முழு அளவுல தின்னா அதுவும் ஐ.என்.ஆரை ஏத்தும்.

பல்செட் மாட்டி வாய்ப்பூஞ்சை வந்தவங்களுக்கு மைக்கோனசோல் ஜெல் எழுதுவாங்க. "பூசற மருந்துதானே"ன்னு தோணும், ஆனா அசிட்ரோம்காரங்களுக்கு அது ரொம்ப மோசம். நிஸ்டாட்டின் சொட்டு கேளுங்க. ஒரு வார ஆன்டிபயாடிக் எது குடுத்தாலும் 4-ம் நாள் ஐ.என்.ஆர். ஒண்ணு எடுத்தரோணும்.

நொய்யல்கரை:
வீட்டுல வெச்சுக்க வேண்டியதை முந்தின நாளே வாங்கிக்குங்க: கிருமி நீக்கின காஸ் துணி ரெண்டு பாக்கெட், ரத்தக் கசிவை நிறுத்தற டிரானெக்சாமிக் அமிலம் 500 மி.கி. மாத்திரை 8. பஞ்சு வேண்டாம், நார் குழியில ஒட்டிக்கிட்டு, எடுக்கறப்ப கட்டியும் சேந்து வந்திரும்.

காஸைக் கட்டியாச் சுருட்டி, நனைச்சுப் பிழிஞ்சு, குழி மேல வெச்சு 30 நிமிஷம் கடிக்கச் சொல்லுங்க. நடுவுல எடுத்து எடுத்துப் பாக்கறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. அப்புறம் டிரானெக்சாமிக் மாத்திரை ஒண்ணை நல்லாப் பொடிச்சு 10 மி.லி. தண்ணியில கலக்கினா 5 சதவீதக் கரைசல். அந்தப் பக்கமா 2 நிமிஷம் வாயில வெச்சிருந்து, கொப்புளிக்காம, துப்பாம, கிண்ணத்துல தானா வழிய விடோணும். ஒரு நாளைக்கு 4 தடவை, 2 நாள். விழுங்கக் கூடாது. இதையும் டாக்டர்கிட்டச் சொல்லீட்டே பண்ணுங்க.

முதல் 24 மணி நேரம் கொப்புளிக்கறது, எட்டித் துப்பறது, உறிஞ்சறது மூணும் இல்ல. இளநியை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினா கட்டி பேந்து வந்திரும், அதுல சர்க்கரை வேற. ஆறின ராகிக் கூழு, குழைஞ்ச அரிசிம்பருப்புச் சாதம் போதும். வெத்தலை, போயிலை வேண்டாம். சர்க்கரைக்காரங்க காலைச் சோறு தின்னு, மாத்திரையும் போட்டுட்டுத்தான் போகோணும். கிளிமிபிரைடைப் போட்டுட்டு வெறும் வயித்துல உக்காந்தா சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். வாய் மரத்து இருக்கறதால அப்பத் தின்னவும் முடியாது. ராத்திரி ரெண்டு தலகாணி வெச்சுப் படுக்கச் சொல்லுங்க. அசிட்ரோம் வழக்கமான நேரத்துலயே.

எச்சில் இளஞ்சிவப்பா ஒரு நாள் வர்றது சகஜமுங்க. குழி மேல கறுஞ்சிவப்பா ஈரல் மாதிரி கொழகொழன்னு எழும்பி ஓரத்துல ரத்தம் வழிஞ்சா, அது மேல காஸ் வெச்சுப் பிரயோசனமில்ல. அதை டாக்டர் வழிச்செடுத்துட்டு மறுபடி அமுக்கோணும். 30 நிமிஷம் ரெண்டு தடவை அமுக்கியும் நிக்கலைன்னா விடியட்டும்னு இருக்காதீங்க, 108.

அடுத்த ரெண்டு மூணு மாசத்துக்குள்ள காரணம் தெரியாத காய்ச்சல் வந்தா, பக்கத்துக் கிளினிக்ல ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கறதுக்கு முன்னாடி "வால்வு வெச்சிருக்குது, ரத்தக் கல்ச்சர் எடுங்க"ன்னு சொல்லுங்க. ஊசி போட்ட பின்னாடி எடுத்தா, வால்வுல கிருமி இருந்தாலும் கல்ச்சர்ல தெரியாமப் போயிரும்.

அந்தியூரான்:
எழுதி வெச்சுக்கிட்டேனுங்க. நாளைக்குக் காலையில கோயமுத்தூருக்குப் போன் பண்றேன். லேப்ல சாம்பிள் ஈரோட்டுக்குப் போகுதாம், அதனால ஐ.என்.ஆரை ஞாயித்துக்கிழமை விட்டுட்டுத் திங்கள் காலையில குடுத்துட்டு, பல்லை செவ்வாய்க்கு வெச்சுக்கறோம்.