வாட்டில் காட்டுக்குள்ள சோலை தானா வருது, ஓடைத் தண்ணி கூடுமா?

கேள்வி: கொடைக்கானல் பக்கம் பழைய வாட்டில் (ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த வேலமர வகை) காட்டுக்குள்ள யாரும் நடாமலே சோலை (மலையோட சொந்த இயற்கைக் காடு) மரக்கன்னு நிறைய வருது, பார்க்கவே சந்தோஷமா இருக்கு. இதனால மண்ணு மாறுமா, ஓடையில தண்ணி கூடுமா?

பதில் 1: மண்ணு கண்டிப்பா மாறும்ங்க. சருகு மூடினா மழைத்துளி நேரா அடிக்காது, மண்புழுவும் மக்கின வேரும் விட்டுட்டுப் போற ஓட்டை வழியா தண்ணி உள்ள இறங்கும், பூஞ்சை இழை மண்துகளை ஒட்டவச்சு பொலபொலன்னு ஆக்கும். மாடு மிதிச்சு இறுகின இடம்னா வருஷக்கணக்காகும்.

பதில் 2: தண்ணி விஷயத்துல அவசரப்படாதீங்க. வளர்ற இளமரம் நிறைய தண்ணி குடிக்கும், ஓடை முதல்ல குறையக்கூட செய்யலாம். மரம் கூடுதலா குடிக்கிறதைவிட மண்ணுல கூடுதலா ஊறுறது அதிகமானாத்தான் கோடையில பலன் தெரியும்.

பதில் 3: புல்வெளியில மட்டும் மரம் வரவிடாதீங்க ப்ளீஸ், அந்தப் புல்லும் சோலையும் சேர்ந்துதான் அங்க ஓடையே. வாட்டிலை மொத்தமா வெட்டவும் வேணாம், வெயில் பட்டா அதோட விதைதான் முந்தி முளைக்கும்.