உணவு ஆய்வில் சேர்ந்திருக்கிறீர்களா? உண்மையில் என்ன சாப்பிட்டீர்கள்?

மேற்குமாம்பலம்72:
சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தபோது ஒரு ஆய்வில் என்னைச் சேர்த்தார்கள். மூன்று மாதம் வெள்ளைச் சோறு கிடையாது, கைக்குத்தல் அரிசிதான், அதையும் அவர்களே மாதாமாதம் பையில் கொடுத்துவிடுவார்கள். இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தேன். அப்புறம், வேக நேரமாகிறது, ரசத்தோடு சேரவே மாட்டேன் என்கிறது, எனக்கு ஒருத்தனுக்காகத் தனியாகச் சின்னக் குக்கர் வேறு, முந்தின நாள் சோறு மிஞ்சினால் வீட்டில் அதையும் வைக்க மாட்டார்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்கா 2 கிலோ வாங்கிப் போனார், மீதி அடைக்கு அரைத்தாயிற்று. மாதக் கடைசியில் பை காலி. பை காலியென்றால் நான் சாப்பிட்டேன் என்று கணக்கு! நான் பொய் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

களப்பணிஅக்கா:
அண்ணா, பையை எண்ணுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி (உங்கள் ஆய்வு இல்லை, பயப்படாதீர்கள்). நேற்றுக் காலையிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதுவது என் வேலை, கிண்ணம், கரண்டி, டம்ளர் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவோம். சைதாப்பேட்டையில் ஒரு அம்மா, காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கிண்ணம் சோறு, ராத்திரி ஒரே ஒரு தோசை என்று ஒப்பித்துக்கொண்டே பேரன் வைத்துவிட்டுப் போன முறுக்கை எடுத்துக் கடித்தார். எழுதவா என்றேன். "இதெல்லாம் சாப்பாடா கண்ணு?" எண்ணெய் எவ்வளவு என்றால் எல்லார் வீட்டிலும் ஒரே பதில்தான், தாளிக்க மட்டும். மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்று மடக்கிக் கேட்டால்தான் நிஜம் வரும்.

நம்ம ஊர் மட்டும் இல்லை. 1992-ல் நியூயார்க்கில், தினம் 1200 கலோரிக்குள்தான் சாப்பிடுகிறோம், எடை மட்டும் இறங்கவில்லை என்று சொன்னவர்களுக்கு ஐசோடோப்பு கலந்த தண்ணீர் (உடம்பு எவ்வளவு கலோரி செலவழிக்கிறது என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்) கொடுத்து அளந்து பார்த்தார்கள். உள்ளே போனதைவிட அவர்கள் சொன்ன கணக்கு சராசரியாக 47 சதவீதம் குறைவு. வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த அம்மாவுக்கு முறுக்கு கணக்கிலேயே வரவில்லையே.

மோர்மிளகாய்:
எனக்கு உப்புக் குறைப்பு ஆய்வு. ஊறுகாயை விட்டுவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். உடனே ஒரு கேனைக் கையில் கொடுத்து, 24 மணி நேரச் சிறுநீரையும் இதில் பிடியுங்கள் என்றார்கள், துணிப்பையில் மறைத்து அதை மின்சார ரயிலில் ஆபீசுக்குக் கொண்டுபோன கூத்தைத் தனியாக எழுத வேண்டும். தின்ற உப்பில் 90 சதவீதம் போல அந்த வழியாகத்தான் வெளியே வருமாம், அப்புறம் நான் என்ன சொல்லி என்ன? அப்பளமும் மோர்மிளகாயும் காட்டிக் கொடுத்துவிட்டன.

சேத்துப்பட்டுக்காரன்:
இந்த வேலையை மாத்திரையில் நம்ம சேத்துப்பட்டிலேயே அப்போதே செய்திருக்கிறார்கள். 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வில், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீரையும் சோதிப்பார்கள். மாத்திரையை எண்ணலாம், சோற்றை எப்படி எண்ணுவது?

மேற்குமாம்பலம்72:
அடைக்குப் போன கதையை இப்போது அவர்களிடம் சொல்லலாமா? ஆய்வு முடிந்து நாலு வருஷம் ஆகிவிட்டது.

களப்பணிஅக்கா:
சொல்லுங்கள் அண்ணா. எத்தனை அடை என்று கேட்பார்கள், யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.