பழைய கைவேலை நாற்காலிகள்: வயதையும் விலையையும் அறிவது எப்படி?

கேள்வி: மன்னார்குடி வாசி

வணக்கம். பூர்வீக வீட்டைப் பங்கு பிரித்ததில், ரேழியில் கிடந்த நீண்ட கைகளுடைய சாய்வு நாற்காலி ஒன்றும், பிரம்பு பின்னிய நேர் நாற்காலிகள் நான்கும் என் பங்கில் வந்துள்ளன. பழைய சாமான் வாங்கும் ஒருவர், மரம் எத்தனை கன அடி தேறும் என்று கணக்கிட்டு மொத்தமாக ஒரு தொகை சொன்னார். இவை கையால் செய்யப்பட்டவைதாமா, எந்த மரம், எந்தக் காலத்தவை என்பதை நானே அறிய வழி உண்டா? விற்கும் முன் பாலிஷ் போட்டுவிடலாமா?

பதில்: கும்பகோணம் தச்சர்

ஐயா, பாலிஷ் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உப்புத்தாள் பட்டுவிட்டால் படிக்க வேண்டிய தடயங்கள் எல்லாம் போய்விடும். நாற்காலியைக் கவிழ்த்து வையுங்கள். மேற்பக்கத்தை யார் வேண்டுமானாலும் மினுக்கிவிடலாம், அடிப்பக்கத்தைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. சட்டத்தின் உட்புறம் விரலை ஓட்டினால் கை இழைப்புளி விட்ட மெல்லிய அலைகள் தட்டுப்படும். ரம்பத் தடம் நேராகவும் இடைவெளி சீரற்றும் இருந்தால் கையறுப்பு. தடம் வில்லாக வளைந்திருந்தால் வட்ட ரம்பம். ஆனால் பர்மா மர ஆலைகளில் 19ஆம் நூற்றாண்டிலேயே இயந்திர ரம்பம் ஓடியதால், அதை வைத்து மட்டும் புதிது என்று தள்ளிவிட முடியாது. நான்கு நாற்காலிகளையும் வரிசையாக வைத்து அளந்தால், கைவேலையில் ஓரிரு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வேறுபாடு கட்டாயம் தெரியும். கடைசல் கால் (கடைந்து உருட்டிய கால்) இருந்தால் ஒரே இடத்தை இரு திசைகளில் அளந்து பாருங்கள்: மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்காது என்பதால் பழைய கால் சற்றே நீள்வட்டமாகியிருக்கும்.

கூட்டல் குறித் தலையுள்ள திருகாணி 1930களுக்குப் பிறகே பரவியது என்றாலும், அது பின்னாளைய பழுதுபார்ப்பாகவும் இருக்கலாம். அது ஏறிய துளையைச் சுற்றிப் பழைய துளை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பிரம்பு அதைவிட நல்ல சாட்சி. கையால் பின்னுவதற்கு இருக்கைச் சட்டம் முழுவதும் வரிசையாகத் துளையிடுவார்கள். துளையில்லாமல் பள்ளம் மட்டும் இருந்தால், ஆயத்தமாக நெய்த பிரம்புப் பாயை அழுத்திச் செருகியிருக்கிறார்கள்.

மரத்தைப் பொறுத்தவரை, கருத்த பாலிஷ் பூசிய தேக்கை ஈட்டி (ரோஸ்வுட்) என்று சொல்லி விற்பது நெடுநாள் வழக்கம். அடியில் நகத்தளவு சுரண்டிப் பாருங்கள். பொன்பழுப்பும் எண்ணெய்ப் பசையும் தேக்கு, ஊதா கலந்த கருவரிகளும் நல்ல கனமும் ஈட்டி.

பதில்: தஞ்சைச் சேகரிப்பாளர்

தச்சர் ஐயா சொன்னவற்றோடு விலையைப் பற்றிச் சொல்கிறேன். கன அடிக் கணக்கு விற்பவருக்கு நட்டமான கணக்கு. ஒரு நேர் நாற்காலியில் அரைக் கன அடி மரம்கூடத் தேறாது, அதில் இருப்பதெல்லாம் வேலைப்பாடு. அதே அளவில், அதே மரத்தில் இன்று செய்து தர என்ன ஆகும் என்று ஒரு தச்சரிடம் கேட்டு, அதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் சொல்லும் விலையை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். பழுது, வாடகை, இலாபம் மூன்றும் அதில் அடக்கம். ஒரே கையால் செய்த நான்கு சேர்ந்திருந்தால், தனித்தனியே நான்கு விற்பதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்.

நம் டெல்டா வீடுகளில் கழுவுகிற தரையும் மழைக்கால ஈரமும் கால் நுனியை அரித்துவிடும் என்பதால் இரண்டங்குல ஒட்டுப் போட்டிருப்பார்கள். தச்சருக்கு அது நல்ல வேலை, வாங்குபவருக்கோ விலையைக் குறைக்க ஒரு காரணம். மரத்திலுள்ள பூச்சித் துளைகளிலிருந்து புதிய மாவு உதிர்ந்தால் பூச்சி இன்னும் உயிரோடிருக்கிறது. அதை முதலில் கவனியுங்கள்.

வெளிநாட்டு உறவினர் கேட்டால் அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டம் 100 ஆண்டுக்கு மேற்பட்ட கைவினைப் பொருள்களுக்கும் பொருந்தும். அத்தகையவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மூன்று நாற்காலிகளில் துளை வரிசை இருக்கிறது, நான்காவதில் பள்ளம்தான்.

பதில்: கும்பகோணம் தச்சர்

நான்காவதன் பள்ளத்துக்கு அடியில் பழைய துளைகளின் வாய் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அதுவும் இவற்றோடு செய்ததே, இருக்கை மட்டும் பின்னர் மாறியது. தெரியாவிட்டால் ஜோடிக்காகப் பிறகு செய்து சேர்த்ததாக இருக்கலாம். மூன்றை ஒரு தொகுதியாகவும் அதைத் தனியாகவும் விலை பேசுங்கள்.