டிஜெனரேட் பிரைமர் போட்டேன், 500 கிட்ட ஒரே பேண்ட் வருது, இதுதான் ஜீன்னு நம்பலாமா?

கேப்பக்கூழ்:
எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு ராகில நோய் எதிர்ப்பு ஜீன் தேடிட்டு இருக்கேன். புகையிலையோட 'என்' (N)ங்கற ஜீன், அராபிடாப்சிஸோட ஆர்பிஎஸ்2, ஃப்ளாக்ஸோட எல்6 இதெல்லாம் அலைன் பண்ணா ஜிஜிவிஜிகேடிடி, ஜிஎல்பிஎல்ஏஎல்னு (ஒவ்வொரு எழுத்தும் ஒரு அமினோ அமிலம்) ரெண்டு இடம் எல்லாத்துலயும் ஏறக்குறைய மாறாம இருக்கு, அதுக்கு டிஜெனரேட் பிரைமர் (பிசிஆர்ல நகலெடுக்க ஆரம்பிச்சு வைக்கற சின்ன டிஎன்ஏ துண்டு, பொருந்தக்கூடிய எல்லா வரிசையும் கலந்தது) அடிச்சு பிசிஆர் போட்டேன். முதல்ல ஜெல் முழுக்க தீத்தி விட்ட மாதிரி ஸ்மியர், இப்ப அனீலிங் (பிரைமர் ஒட்டற சூடு) 52 டிகிரி வச்சதும் 500 பேஸ் கிட்ட பளிச்னு ஒரு பேண்ட். கைடு நேரா சீக்வென்ஸிங் அனுப்புன்னு சொல்றாங்க, அனுப்பலாமா?

பிப்பெட்_அக்கா:
நேரா அனுப்பாதீங்க, பீக் மேல பீக் ஏறி ஒண்ணும் படிக்க முடியாம வரும். ஒரே பேண்ட்னா ஒரே சைஸ்னுதான் அர்த்தம், ஒரே ஜீன்னு இல்ல. பேண்டை வெட்டி எடுத்து டி வெக்டர்ல (துண்டை பாக்டீரியாவுக்குள்ள கொண்டு போற வட்ட டிஎன்ஏ) போட்டு, குறைஞ்சது பத்து இருபது பாக்டீரியா காலனியாவது தனித்தனியா சீக்வென்ஸ் பண்ணுங்க. பிரைமரையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்க, ஜிஜிவிஜிகேடிடில கடைசி எழுத்தை விட்டா 20 பேஸ், அதுவே 2048 வகை. ஜிஎல்பிஎல்ஏஎல்ல மூணு லூசின், ஒவ்வொண்ணுக்கும் 6 கோடான் (அமினோ அமிலத்தைக் குறிக்கற மூணு பேஸ்), பெருக்கினா 13,824! ட்யூப்ல நிஜமா ஒட்டற பிரைமர் துளியூண்டுதான் இருக்கும். ஸ்மியர் வந்ததுல ஆச்சரியமே இல்ல. 5 பிரைம் பக்கம் (பிரைமரோட ஆரம்ப முனை) இனோசின் (எந்த பேஸோடயும் ஏறக்குறைய ஜோடி சேர்றது) போட்டு வகையைக் குறைங்க, நகல் நீளற 3 பிரைம் பக்கம் கை வைக்காதீங்க.

பழையஜெல்:
அக்கா சொன்னதுதான். 1991ல லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் எலி மூக்குல வாசனை ரிசெப்டர் ஜீன்களை இப்படித்தான் புடிச்சாங்க. அப்ப தெரிஞ்சிருந்த ஏழு தடவை சவ்வைத் தாண்டற ரிசெப்டர்களோட ஒற்றுமையை வச்சு பிரைமர் போட்டு, வந்த பேண்டுகளை ஒவ்வொண்ணா ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம்ல (குறிப்பிட்ட டிஎன்ஏ வரிசையைக் கண்ட இடத்துல வெட்டற கத்தரி) வெட்டினாங்க. ஒரு பேண்ட்ல மட்டும் துண்டுகளோட சைஸைக் கூட்டினா வெட்டாத பேண்டை விட ரொம்ப பெருசா வந்துச்சு, அப்பன்னா ஒரே சைஸ்ல பல ஜீன் ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம். அதுக்குள்ள ஒரு பெரிய குடும்பமே இருந்துச்சு, 2004ல நோபல். ஒரு என்சைம், ஒரு ஜெல், ஒரு கால்குலேட்டர், அவ்ளோதான் செலவு. நீயும் ஹே3ங்கற அந்த மாதிரி என்சைம் வச்சு வெட்டிப் பாரு தம்பி.

சர்வர்வாசி:
எல்லாம் சரி, ஆனா ராகி ஜீனோம் 2017லயே வந்தாச்சே, எம்எல்-365 ரகம், பெங்களூர்ல பண்ணது. ஆர்பிஎஸ்2 புரோட்டீனை வச்சு டிபிளாஸ்ட்என் (புரோட்டீனை வச்சு டிஎன்ஏல ஒத்த இடத்தைத் தேடற ப்ரோக்ராம்) ஓட்டுனா சாயங்காலத்துக்குள்ள லிஸ்ட் கையில வந்துடும், ஏன் இந்த கஷ்டம்?

பிப்பெட்_அக்கா:
ஓட்டட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா எதிர்ப்பு ஜீன்கள் ஒரே இடத்துல கொத்தா, ஒண்ணு போல ஒண்ணு நிக்கும், ராகி வேற டெட்ராப்ளாய்டு (குரோமோசோம் நாலு செட்), அசெம்ப்ளில (துண்டு துண்டா படிச்சதைச் சேர்த்த ஜீனோம்) ரெண்டு மூணு காப்பியை ஒண்ணா ஒட்டி வச்சிருக்கும். இவர் கையில இருக்கற ரகத்துல இருக்கற ஜீன் அந்த ரகத்துல இல்லாமலே கூட போகலாம். முதல்ல துண்டைப் புடிங்க, மிச்சத்துக்கு ரெண்டு பக்கமும் ரேஸ் (RACE, ஆர்என்ஏல இருந்து ஜீனோட முனை வரைக்கும் எடுக்கற பிசிஆர்) பண்ணிக்கலாம்.

கேப்பக்கூழ்:
ஹே3 போட்டேன்!! துண்டுகளைக் கூட்டினா கிட்டத்தட்ட 1100 வருது, பேண்ட் 500தான். குடும்பமா இது?

பழையஜெல்:
குதிக்காத தம்பி, வெட்டு முழுசா முடியலன்னாலும் இப்படித்தான் கூடுதலா காட்டும். 500லயே இன்னும் பேண்ட் நிக்குதா? என்சைம் கொஞ்சம் ஏத்தி ராத்திரி பூரா விட்டு மறுபடி ஓட்டு, அப்பவும் 1100னா காலனி எடு.

கேப்பக்கூழ்:
மங்கலா நிக்குதுண்ணா. வச்சாச்சு, காலைல ஓட்டறேன்.